திருகோணமலையில் குடும்பங்களுக்கு ஒரு விண்வெளிப் பேச்சு நடத்துவது எப்படி?

பூமிக்கு வெளியே உயிர் இருக்கிறதா என்றால், இன்றைய பதில் 'இன்னும் எங்கேயும் காணவில்லை' என்பதுதான். குடும்பங்களைக் கூட்டி வைத்து இதைப் பேசப் போகிறீர்கள் என்றால் முதல் ஐந்து நிமிடத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளின் ஆர்வம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகுதான் 'அப்ப எப்படித் தேடுறாங்கள்?' என்ற கேள்வி வரும், உங்கள் பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான பதிலாக இருந்தாலே போதும்.

முதலில் நாள் பார்க்க வேண்டும். போயா விடுமுறைதானே என்று பலரும் அந்த நாளைப் பிடிப்பார்கள், ஆனால் முழுநிலவு வெளிச்சத்தில் நட்சத்திரங்கள் மங்கிவிடும், தொலைநோக்கியில் நிலவும் தட்டையாகத்தான் தெரியும். நாட்காட்டியில் வளர்பிறை சப்தமி, அட்டமிக்குப் பக்கத்தில் வரும் சனிக்கிழமையைத் தேடுங்கள். பொழுதுபடும்போதே அரை நிலவு உச்சியில் நிற்கும், ஒளியும் நிழலும் சந்திக்கிற கோட்டில் அதன் பள்ளங்கள் துல்லியமாகத் தெரியும். மாதம் என்றால் மே முதல் செப்டெம்பர் வரை. ஐப்பசி பிறந்து மழை தொடங்கிவிட்டால் தை வரைக்கும் வானத்தை நம்ப முடியாது. மஃரிப் தொழுகையும் கோயில் மாலைப் பூசையும் முடிந்து எல்லோரும் வந்துசேர ஏழு மணியாகும், அதற்கு முன் தொடங்காதீர்கள்.

பேச்சாளர் பெரிய விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. பாடசாலை விஞ்ஞான ஆசிரியரோ கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாக மாணவரோ போதும், நாற்பது நிமிடத்துக்கு மேல் பேசமாட்டேன் என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தொடக்கம் நம் ஊரிலிருந்தே வரட்டும். கன்னியா வெந்நீரூற்றில் குளிக்காத திருமலைப் பிள்ளை குறைவு. அந்தச் சூடு வெயிலால் வந்ததல்ல, நிலத்துக்குக் கீழிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டு, அப்படியே கடலுக்கு அடியில் கூட்டிப்போங்கள். 1977இல் கலாபகஸ் தீவுகளுக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 2,500 மீற்றர் ஆழத்தில், சூரிய வெளிச்சமே எட்டாத இருட்டில் வெந்நீரூற்றுகளைக் கண்டார்கள், அவற்றைச் சுற்றி புழுக்களும் சிப்பிகளும் கூட்டம் கூட்டமாக வாழ்ந்துகொண்டிருந்தன. வெளிச்சத்தை நம்பாமல், நீரில் கரைந்திருக்கும் வேதிப்பொருள்களிலிருந்து சக்தி எடுக்கும் நுண்ணுயிர்கள்தான் அங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை. இது தெரிந்தபிறகு தேடும் இடமே மாறிப்போனது. சனியின் சிறிய நிலவு என்செலடஸின் பனிக்கு அடியிலிருந்து நீர் பீறிட்டு வருவதை 2005இல் கசினி விண்கலம் கண்டது. பனிக்கு அடியில் கடல் இருக்கலாம் என்று கருதப்படும் வியாழனின் நிலவு யூரோப்பாவை நோக்கி 2024 ஒக்டோபரில் கிளம்பிய கிளிப்பர் விண்கலம் 2030இல்தான் போய்ச்சேரும். முன்வரிசையில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளையிடம், அது போய்ச்சேரும்போது உங்களுக்கு எத்தனை வயது என்று கேட்டுப்பாருங்கள்.

தூரத்தைப் படத்தில் காட்டினால் யாருக்கும் ஏறாது. டச்சு பே கடற்கரை மணலில் ஒரு கால்பந்தை வையுங்கள், அதுதான் சூரியன். ஒரு அப்பாவை 24 மீற்றர் நடக்கவிட்டு அவர் உள்ளங்கையில் ஒரு கடுகை வையுங்கள், அது பூமி. நெப்டியூனுக்கு 700 மீற்றர் நடக்க வேண்டும். அடுத்த நட்சத்திரமான புரொக்சிமா செந்தோரி எங்கே என்று கேளுங்கள், பிள்ளைகள் பக்கத்திலுள்ள நிலாவெளி, குச்சவெளி என்பார்கள். இதே அளவில் அது ஏறத்தாழ 6,300 கிலோமீற்றரில், ஜப்பானின் ஒசாக்கா பக்கம் வரும். அதைச் சுற்றும் ஒரு கோளை 2016இல் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள் என்று இந்த இடத்தில் சொன்னால்தான் அதன் கனம் புரியும்.

அவ்வளவு தூரத்தில் இருப்பதை எப்படிக் காண்கிறார்கள்? இதற்கு ஒரு மின்குமிழ், நூலில் கட்டிய தேசிக்காய், வெளிச்சம் அளக்கும் செயலி உள்ள போன், இவை போதும். குமிழ்தான் நட்சத்திரம், தேசிக்காய் அதைச் சுற்றும் கோள். கூடத்தை இருட்டாக்கி, தேசிக்காயைக் குமிழுக்கும் போனுக்கும் நடுவே மெதுவாகக் கொண்டுபோங்கள், திரையில் எண் இறங்கி மறுபடி ஏறும். நூலை ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள், மற்றவர்கள் எண்ணைச் சத்தமாக வாசிக்கட்டும். 2009 முதல் 2018 வரை கெப்லர் தொலைநோக்கி ஆயிரக்கணக்கான கோள்களைப் பிடித்தது இந்த வழியில்தான். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு, வியாழன் குறுக்கே போனால் சூரிய ஒளி நூற்றில் ஒரு பங்கு குறையும், பூமி போனால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது.

சரி, பறக்கும் தட்டுக் கேள்வி வரத்தான் செய்யும். யாராவது போனில் ஒரு வீடியோவையும் நீட்டுவார். சிரிக்கவோ மட்டந்தட்டவோ வேண்டாம். எத்தனை மணி, எந்தத் திசை, எவ்வளவு நேரம் தெரிந்தது என்று பொறுமையாகக் கேளுங்கள். வரிசையாக நகர்ந்த விளக்குகள் என்றால் பெரும்பாலும் ஸ்டார்லிங்க் செய்மதிகள், மேற்கே அசையாமல் மின்னியது வெள்ளியாக இருக்கலாம், சீனக்குடாவில் இறங்கும் விமானமாகவும் இருக்கலாம். 2012 டிசம்பரில் பொலன்னறுவைப் பக்கம் விழுந்ததாகச் சொன்ன கற்களில் வேற்றுலக உயிரின் தடயம் இருப்பதாக இலங்கையில் பிறந்த வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்கவின் குழு அறிவித்ததையும், அவை விண்கற்கள்தானா என்பதையே மற்ற விஞ்ஞானிகள் கேள்விக்குள்ளாக்கியதையும் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஒரு கூற்றை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த நல்ல உதாரணம் அது.

தொலைநோக்கி வரிசையில் நிற்கும்போது சின்னப் பிள்ளைகள் சலித்துப்போவார்கள், அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். 1977இல் கிளம்பிய வொயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில், வேற்றுலகவாசிகள் யாராவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று பதிந்த வாழ்த்து 55 மொழிகளில் இருக்கிறது. சிங்களம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் அம்மம்மாவையும் சேர்த்துக்கொண்டு, தமிழில் பத்து விநாடி வாழ்த்து ஒன்றைப் போனில் பதியட்டும். என்ன சொல்வது என்பதில் வீட்டுக்குள்ளேயே வாக்குவாதம் வரும், வரட்டும்.

நுழைவாயிலிலேயே ஆளுக்கொரு துண்டுக் காகிதமும் பென்சிலும் கொடுத்துக் கேள்விகளை எழுதி வாங்கிவிடுங்கள், ஒலிவாங்கியைக் கண்டால் வாய் திறக்காத பிள்ளைகள்தான் அதிகம். நேரம் போதாமல் மிஞ்சும் கேள்விகளைக் கட்டி வைத்து, அடுத்த பேச்சுக்கு யாரைக் கூப்பிடலாம் என்பதை அவற்றைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.