உருளைக்கிழங்கில் சவ்வூடு பரவல்: பாகு ஏறாவிட்டால் என்ன செய்வது?

மகளுக்குப் பாடத்தில் சவ்வூடு பரவல் வந்தது, அதாவது நீர்த்த பக்கத்திலிருந்து அடர்ந்த பக்கத்துக்குச் சவ்வு வழியாகத் தண்ணீர் போவது. செல் சவ்வு தண்ணீரை விடும், சர்க்கரையை விடாது என்றால் நம்பவில்லை. செய்தே காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் அசடு வழிந்தேன்.

முட்டையை வினிகரில் ஊறவைத்துச் செய்யலாம் என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. ஓட்டுக்கு அடியில் இருப்பது புரத இழைகளால் ஆன தோல், செல் சவ்வு அல்ல. கிழங்கில் இருப்பவை உயிருள்ள செல்கள். அதில் குழி தோண்டிச் சர்க்கரைப் பாகு ஊற்றி, கிண்ணத்துத் தண்ணீரில் நிற்கவைத்தால், தண்ணீர் கிழங்கு வழியாக உள்ளே போய்ப் பாகின் மட்டம் ஏற வேண்டும்.

முதலில் பெரிய கிழங்காக எடுத்துத் தோலை முழுக்கச் சீவுங்கள். அந்தத் தோல் தக்கை மாதிரி, தண்ணீரை விடாது. அடியைத் தட்டையாக வெட்டி நிற்கவையுங்கள். மேலிருந்து குழி தோண்ட எனக்குப் பழைய ஸ்டீல் டீஸ்பூன்தான் சரிப்படுகிறது, கத்தி ஓட்டை போட்டுவிடும். சுவரும் அடியும் ஒரு செ.மீ. கனம் இருக்கட்டும்.

அடுத்தது பாகு. நான் கவிழ்ந்தது இங்கேதான். 100 மில்லி தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை போட்டேன். 'வெளியே வெறும் தண்ணீர், உள்ளே சர்க்கரைத் தண்ணீர், ஏறத்தானே வேண்டும்?' ஏறவில்லை, கொஞ்சம் இறங்கவும் செய்தது. நடுவில் நிற்கும் கிழங்கை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதன் செல்களுக்குள்ளும் கரைபொருள்கள் இருக்கின்றன. உத்தேசமாக 10 சதவீதச் சர்க்கரைக் கரைசலின் வலு. என் கரைசல் அதைவிட நீர்த்தது என்பதால், கிழங்கு குழியிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. நீர்த்த பக்கத்திலிருந்து அடர்ந்த பக்கத்துக்குத்தான் தண்ணீர் போகும். மறுநாள் சர்க்கரையைக் கூட்டினேன், ஆனால் தோலைச் சீவ மறந்துவிட்டேன்! மூன்றாம் நாள் 100 மில்லிக்கு 50 கிராம், தோல் சீவிய கிழங்கு. வேலை செய்தது.

பாகைக் குழியில் பாதிவரை ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு குண்டூசியைச் சுவரில் குத்துங்கள். மறுபக்கம் வரை போகக்கூடாது, ஒழுகும். கிழங்கைக் கிண்ணத்தில் வைத்துச் சுற்றிலும் தண்ணீர் ஊற்றுங்கள், குழியின் விளிம்புக்குக் கீழேயே நிற்கட்டும். இரண்டு மணி நேரத்தில் பாகு ஊசிக்கு மேலே வந்திருக்கும்.

தண்ணீர் சவ்வில் எப்படி நுழைகிறது? கொஞ்சம் நேராகவே கசியும், மிச்சம் அக்வாபோரின் என்ற புரத வாய்க்கால்கள் வழியாக. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

கூடவே இன்னொரு கிழங்கைக் குழி தோண்டி, உள்ளே வரை வேகவைத்து, ஆறியதும் இதே மாதிரி வையுங்கள். அதில் பாகு ஏறாது. சூட்டில் சவ்வு சிதைந்துவிடுவதால் சர்க்கரையும் வெளியே கசிந்துவிடும். மகள் நம்பியது இதைப் பார்த்த பிறகுதான்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாகச் செய்தும் ஏறவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், வீட்டில் சுருங்கிக் கிடந்த பழைய கிழங்காம். அதன் செல்கள் தாகத்தில் இருக்கும், வருகிற தண்ணீரை முதலில் தாங்களே குடித்துக்கொள்ளும். கெட்டியான புதுக் கிழங்காக வாங்குங்கள். இன்னொருவர் பாகுக்குப் பதில் தூள் உப்பைப் போட்டாராம், கிண்ணத்தில் தண்ணீரே ஊற்றாமல். அப்படியும் குழியில் நீர் கோத்துக்கொள்ளும், ஆனால் அது கிழங்கின் சொந்தத் தண்ணீர். வெள்ளரிக்காயில் உப்புத் தூவினால் நீர் விடுகிறதே, அதேதான்.