90 டிகிரி கட் விழுமா? மெல்லிய கட் பழகும் முறை

ஸ்னூக்கரோ பூலோ ஆடத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆனவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "அண்ணா, இது விழுமா?" இலக்குப் பந்து பாக்கெட்டின் வாயருகே நிற்கும். வெள்ளைப் பந்து அதற்கு ஏறக்குறையப் பக்கவாட்டில் கிடக்கும். வெள்ளையை இலக்குப் பந்தின் ஓரத்தில் மோதவிட்டு அதைத் திருப்பி அனுப்புவதுதான் கட். கேட்பவர் கண்ணில் ஆசையும் பயமும் சம அளவில் இருக்கும்.

இதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. கொஞ்சம் பழகினால் அரை நிமிடத்தில் நீங்களே தீர்மானித்துவிடலாம். சுருக்கமான பதில்: சரியாக 90 டிகிரியில், சைடு (வெள்ளையைப் பக்கவாட்டில் அடித்துச் சுழலவிடுவது) இல்லாமல் நேராக அடித்தால் விழாது. அந்தக் கோணத்தில் வெள்ளை, இலக்குப் பந்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு கடந்து போகுமே தவிர அதைத் தள்ளாது. 80 டிகிரி வரை பழக்கத்தால் பிடித்துவிடலாம். 85 டிகிரியும் முடியும், ஆனால் பந்து பாக்கெட்டின் உதட்டில் நிற்க வேண்டும்.

படி 1: கோணத்தைச் சரியான இடத்திலிருந்து பாருங்கள்

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். வெள்ளையின் நடுவிலிருந்து இலக்குப் பந்தின் நடுவுக்கு ஒரு கோடு போட்டு, அதை வைத்துக் கோணத்தைக் கணிக்கிறார்கள். வெள்ளையின் மையம் இலக்குப் பந்தின் மையத்துக்கு ஒருபோதும் போய்ச் சேராது. மோதும் நொடியில் அது நிற்கும் இடம் வேறு.

அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. இலக்குப் பந்தை வையுங்கள். பாக்கெட்டிலிருந்து அதன் மையத்தின் வழியாகப் பின்னோக்கி ஒரு கோட்டை மனத்தில் இழுங்கள். அந்தக் கோட்டின் மேல், பந்தை ஒட்டி இன்னொரு பந்தை வையுங்கள். அந்தப் பந்து உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் வெள்ளை வந்து சேர வேண்டும். இதைக் கற்பனைப் பந்து என்று சொல்லிக்கொள்வோம். அதை எடுத்துவிட்டு, அது மேசையைத் தொட்டிருந்த இடத்தில் ஒரு சிறிய வட்ட ஸ்டிக்கரை ஒட்டுங்கள். கோப்புத் தாளின் துளை கிழியாமல் இருக்க ஒட்டுவார்களே, அந்த வளையம் போதும். மேசை உங்களுடையது இல்லையென்றால் முதலில் கேட்டுவிடுங்கள்.

இனி, வெள்ளையிலிருந்து அந்த ஸ்டிக்கருக்குப் போகும் கோட்டுக்கும் ஸ்டிக்கரிலிருந்து பாக்கெட்டுக்குப் போகும் கோட்டுக்கும் இடையில் எவ்வளவு திருப்பம் இருக்கிறதோ, அதுதான் உண்மையான கட் கோணம். வித்தியாசம் சிறியதல்ல. ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ. இரண்டு பந்துகளின் மையங்களும் 20 செ.மீ. இடைவெளியில் இருந்தால், பார்வைக்கு 75 டிகிரியாகத் தெரிவது உண்மையில் 90 டிகிரி. ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் 87 ஆகத் தெரிவதுதான் 90. "கோணம் அவ்வளவு மோசமில்லையே, ஏன் விழவில்லை?" என்று கிட்டத்தில் கிடக்கும் பந்தைப் பார்த்து வருந்துகிறவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

படி 2: கியூவைக் குறுக்கே பிடித்துச் சோதியுங்கள்

கற்பனைப் பந்தின் மையத்துக்கு மேலே, பாக்கெட் கோட்டுக்குச் செங்குத்தாகக் கியூவை (அடிக்கும் கோலை) பிடியுங்கள். வெள்ளையின் மையம் கியூவுக்குப் பின்னால், அதாவது பாக்கெட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் வழி உண்டு. கியூவுக்கு நேர்கீழே இருந்தால் அது சரியாக 90. பாக்கெட் இருக்கும் பக்கத்துக்கு வந்துவிட்டால் நேரடியாக அடிக்க நினைக்காதீர்கள்.

இது பயிற்சிக்கு மட்டும். ஸ்னூக்கர் ஆட்டத்தின் நடுவில் ஒரு பொருளை வைத்து இடைவெளியையோ தூரத்தையோ அளந்தால் 7 புள்ளி ஃபவுல். இருபது முப்பது தடவை கியூவைப் பிடித்துப் பார்த்தால் பிறகு கண்ணே அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளும்.

ஒரு சலுகையும் இருக்கிறது. பாக்கெட்டின் வாய் பந்தைவிட அகலம். பந்து வாயருகே நிற்கும்போது பாக்கெட்டின் நடுவைக் குறிவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்களுக்குச் சாதகமான பக்கத்தைத் தேர்ந்தால், நடுவுக்கு 90 ஆக இருந்த கோணம் சில டிகிரி குறைந்துவிடும்.

படி 3: எவ்வளவு மெல்லியது என்று கையில் எடுத்துப் பாருங்கள்

வெள்ளைக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது, மோதும் கணத்தில் அது இலக்குப் பந்தை எவ்வளவு மறைக்கிறது என்பதுதான் கணக்கு. 30 டிகிரி கட்டுக்குப் பாதிப் பந்து. 60 டிகிரிக்கு 7 மி.மீ. 70 டிகிரிக்கு 3 மி.மீ.யைவிடச் சற்று அதிகம். 80 டிகிரிக்கு வெறும் 0.8 மி.மீ.

உங்கள் ஏடிஎம் அட்டையை எடுத்து அதன் விளிம்பைப் பாருங்கள். அதன் தடிமன் 0.76 மி.மீ. 80 டிகிரி கட் என்றால் அவ்வளவு தடிமனுக்குத்தான் வெள்ளை இலக்குப் பந்தின் மேல் படிய வேண்டும். 85 டிகிரிக்கு 0.2 மி.மீ.; இரண்டு சாதாரணத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தடிமன். பூல் பந்து 57.15 மி.மீ. விட்டம் கொண்டது என்பதால் இந்த அளவுகள் சற்றுக் கூடும், ஆனால் நிம்மதி தரும் அளவுக்கு இல்லை.

பிழைக்கு இடமும் சுருங்கிவிடுகிறது. வெள்ளை சேரும் இடம் 0.1 மி.மீ. விலகினால், 30 டிகிரி கட்டில் இலக்குப் பந்தின் திசை சுமார் 0.13 டிகிரி மாறும். அதே விலகல் 80 டிகிரியில் 0.6 டிகிரிக்கு மேல் மாற்றிவிடும். ஏறக்குறைய ஐந்து மடங்கு.

படி 4: வேகத்தைக் கணக்கிடுங்கள்

80 டிகிரியில் வெள்ளையின் வேகத்தில் சுமார் 17 விழுக்காடுதான் இலக்குப் பந்துக்குப் போகிறது. உருளும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால் நிலைமை இன்னும் கடுமை. குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) இழப்பதை விட்டுவிட்டால் 10 மீட்டர் உருளக்கூடிய வேகத்தில், அதாவது ஸ்னூக்கர் மேசையின் நீளத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தூரத்துக்கான வேகத்தில் வெள்ளை வந்து மோதினாலும், இலக்குப் பந்து சுமார் 15 செ.மீ.தான் நகரும். ஒரு சாண் கூட இல்லை.

வெள்ளையோ தன் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றும். ஆகவே அடிப்பதற்கு முன்பு, அது எந்தப் பாக்கெட் பக்கம் ஓடும் என்று பார்த்துவிடுங்கள். மெல்லிய கட்டில் பந்து விழுந்து, பின்னாலேயே வெள்ளையும் எங்கோ ஒரு மூலையில் விழுவதை நான் பல முறை அனுபவித்திருக்கிறேன்.

படி 5: அடியுங்கள்

கறுப்புப் பந்தை மூலைப் பாக்கெட்டிலிருந்து அரைச் சாண் தூரத்தில் வையுங்கள். வெள்ளையை அரை மீட்டர் தள்ளி, முதலில் 60 டிகிரியில் வைத்து அடியுங்கள். பத்துக்கு ஏழு விழும்வரை அதே இடம். பிறகு 70, அதன் பிறகு 75. ஒரே நாளில் 80-க்கு ஓடாதீர்கள்.

குறி பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 30 டிகிரிக்கு மேல் போனாலே கியூ இலக்குப் பந்தின் எந்தப் பகுதியையும் காட்டாது. வெளியே வெற்றிடத்தைக் காட்டும். 80 டிகிரியில், பந்தின் விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் வெளியே. அங்கே பிடித்து நிறுத்தக் கண்ணுக்கு எதுவும் இல்லை. அதனால் கை தன்னையறியாமல் பந்தின் பக்கம் இழுத்துவிடுகிறது, கட் தடித்துப் போகிறது. தொடாமல் போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு எனக்குக் கைகொடுத்த வழி, விளிம்போடு விளிம்பைப் பொருத்துவது. வெள்ளையின் ஒரு விளிம்பு இலக்குப் பந்தின் எதிர் விளிம்பை உரசிப் போவதாகப் பாருங்கள். குனிவதற்கு முன்பே, நின்றபடி அந்தக் கோட்டை முடிவு செய்யுங்கள். குனிந்த பிறகு திருத்தாதீர்கள்; சரியில்லை என்று தோன்றினால் எழுந்து மறுபடி தொடங்குங்கள். பயிற்சியில் சில பந்துகளைத் தொடாமலே விடுவதற்குத் துணியுங்கள். தடிமனாக மட்டுமே தவறுகிறவர் மெல்லிய பக்கத்தின் எல்லையை அறிவதே இல்லை. சரியாகப் பட்டால் பெரிய சத்தம் வராது. நகம் கண்ணாடியில் தட்டியது போல ஒரு "டிக்". பந்து தயங்கித் தயங்கி உருண்டு விளிம்பில் சாயும்.

படி 6: சைடு வைக்கலாமா?

இரண்டு பந்துகளும் உரசும்போது, வெள்ளை இலக்குப் பந்தைத் தன் போக்கில் சற்று இழுத்துச் செல்லும். இதனால் கட் ஓரிரு டிகிரி குறையக்கூடும். எதிர்ப்பக்கச் சைடு இந்த இழுப்பை நீக்கும்: பந்து இடப்பக்கம் போக வேண்டுமானால் வெள்ளையின் வலப்பக்கத்தில் அடி. 90-ஐ நெருங்கும் கட்டில், இழுப்பை முழுவதும் நீக்க வெள்ளையின் மையத்திலிருந்து ஆரத்தின் 40 விழுக்காடு அளவு விலகி அடிக்க வேண்டும். பிரெஞ்சுக் கணித அறிஞர் கொரியோலிஸ் 1835-இல் வெளியிட்ட பில்லியர்ட்ஸ் ஆய்வின்படி, ஆரத்தில் பாதி அளவு விலகி அடிக்கும்போது மிகுதியான சுழற்சி கிடைக்கும். அந்த 40-க்கும் 50-க்கும் இடையில் மிஞ்சும் சிறு சுழற்சி, பந்தைப் பின்பக்கமாக ஓரிரு டிகிரி தள்ளக்கூடும். அப்படிப் பார்த்தால் 90-ஐத் தொடுவது கொள்கையளவில் முடியாததல்ல.

ஆனால் தொடக்கத்தில் வேண்டாம் என்றே சொல்வேன். சைடு வைத்தால் வெள்ளை குறிக்கோட்டிலிருந்து விலகும். ஒரு டிகிரி விலகினாலே ஒரு மீட்டரில் 17 மி.மீ. நமக்கு வேண்டியதோ ஓர் அட்டையின் தடிமன்.

படி 7: 90-ஐத் தாண்டிவிட்டால்

இலக்குப் பந்து குஷனை நெருங்கி நின்றால், வெள்ளையை முதலில் குஷனில் மோதவிட்டு, அது திரும்பி வரும்போது பந்தைத் தொடச் செய்யலாம். ஸ்னூக்கரிலும் பூலிலும் இதற்குத் தடையில்லை. இல்லையென்றால் வேறு பந்து, அல்லது பாதுகாப்பு ஆட்டம், அதாவது எதிராளிக்கு எளிய அடி கிடைக்காதபடி வெள்ளையை நிறுத்துவது.

ஸ்னூக்கரில் மெல்லிய கட் அதிகம் உழைப்பது பாதுகாப்பு ஆட்டத்தில்தான். சிவப்புக் கூட்டத்தின் ஓரப் பந்தை லேசாக உரசினால், வெள்ளை வேகம் குறையாமல் மேல் குஷனில் பட்டு, பால்க் பக்கம் (ஆட்டம் தொடங்கும் முனைக்கு) திரும்பிவிடும். தொடாமல் போனால் குறைந்தது 4 புள்ளி எதிராளிக்கு; பூலில் வெள்ளையே அவர் கைக்குப் போய்விடும், விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். பாக்கெட்டைக் குறிவைத்துப் பழகும் நாளில் கடைசிப் பத்து நிமிடத்தை இந்த ஓர உரசலுக்கு ஒதுக்குங்கள். வெள்ளை பால்க் குஷனை ஒட்டி நிற்கும்வரை அதே அடியைத் திரும்பத் திரும்ப அடியுங்கள்.