பழைய டபுள் கெப்பில் செக் எஞ்சின் லைட்: சென்சர் வாங்குமுன் மீற்றரால் பார்க்க வேண்டியவை

செக் எஞ்சின் லைட் எரிந்தால் பிழை எண்ணான கோட்டை வாசித்து, அந்தக் கோட்டில் பெயர் வந்த சென்சரை வாங்கிப் பூட்டுவதுதான் நம் பக்கத்து வழக்கம். பலமுறை மறுநாளே அதே லைட் திரும்ப எரியும். கோட் காட்டுவது ஒரு சுற்றை. அந்தச் சுற்றில் சென்சரோடு சேர்த்து வயர், பிளக், எர்த், எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூ எல்லாம் இருக்கின்றன. வாகரையிலிருந்து பொத்துவில் வரை கடலோரமாக ஓடும் வண்டிகளில் முதலில் கெடுவது பிளக்கின் பின்களும் எர்த்தும்தான். உப்புக் காற்று அவற்றில் பச்சை பூக்க வைத்துவிடும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த வயரையும் தேடவேண்டும்.

இங்கே சொல்வது கொமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் அதிக அழுத்த டீசலை ரெயில் என்ற ஒரே குழாயில் தேக்கும்) டீசல் கெப்புகளுக்கு: ஹைலக்ஸ் விகோ (2கேடி, 1கேடி), நவாரா டி40, அந்தக் காலத்து எல்200, டி-மெக்ஸ். பழைய 3எல், 5எல் ஹைலக்ஸில் பம்ப் மெக்கானிக்கல். அதற்கு இதில் வேலை இல்லை.

கையில் இருக்க வேண்டியவை டிஜிட்டல் மல்டிமீற்றர், இரண்டு தையல் ஊசி, ஒரு துண்டு வயர், கொன்டாக்ட் கிளீனர், ஸ்கேனர். வயரின் தோலைக் குத்தி அளக்காதீர்கள். நம் காற்றில் அந்தத் துளை வழியே ஈரம் ஏறி, ஆறு மாதத்தில் செம்பு உள்ளேயே கருகிவிடும். பிளக்கின் பின்பக்கத்து ரப்பரை ஒட்டி ஊசியை நுழைத்து அளப்பதே முறை.

கோட்டை வாசித்தல்

மலிவான புளூடூத் அடாப்டர் சில பழைய விகோக்களில் சேராது. டொயோட்டாவில் அதற்கு மாற்றுவழி உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 பின் சொக்கெட்டில் அகலமான பக்கம் மேலே இருக்கும்படி பார்த்தால், மேல்வரிசை இடமிருந்து 1 முதல் 8, கீழ்வரிசை 9 முதல் 16. திறப்பு ஓஃபில் இருக்கும்போது 4ஐயும் 13ஐயும் துண்டு வயரால் இணைத்து, பிறகு திறப்பை ஓனுக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். லைட் நிற்காமல் ஒரே வேகத்தில் மின்னினால் கோட் இல்லை. இரண்டு மின்னல், சிறிய இடைவெளி, மறுபடி இரண்டு மின்னல் என்றால் 22. 16ஆம் பின்னில் எப்போதும் பெட்டரியின் 12 வோல்ட் நிற்கும். எண்ணிக்கை தவறி அதைத் தொட்டால் பியூஸ் போகும்.

விகோவில் அடிக்கடி காண்பவை: 12 என்றால் எஞ்சின் தண்டுகளின் சுழற்சியைப் பார்க்கும் கிராங்க் அல்லது கேம் சென்சர், 22 எஞ்சின் வெப்பநிலை, 24 உள்வரும் காற்றின் வெப்பநிலை, 31 எயார் ஃப்ளோ (உள்வரும் காற்றின் அளவு), 49 ரெயில் பிரஷர் சென்சர், 78 டீசல் அழுத்தம். ஸ்கேனர் சேர்ந்தால் கோட்டோடு ஃப்ரீஸ் ஃப்ரேமையும் எழுதி வையுங்கள். பிழை வந்த நேரத்தில் எஞ்சின் சூடாக இருந்ததா, எத்தனை ஆர்பிஎம் என்ற விபரம் அதில் இருக்கிறது. கோட்டை அழித்தால் அதுவும் போய்விடும்.

பெட்டரி, எர்த், 5 வோல்ட்

இரவு முழுக்க நின்ற பெட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்கவேண்டும், ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது, ஓடும்போது 14 அளவில் நிற்கவேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 8 வரை விழும் பெட்டரி சம்பந்தமே இல்லாத நாலைந்து கோட்டைப் போட்டுவிடும்.

எர்த்தை ஓமில் அளந்து ஏமாறாதீர்கள். நூறு இழையில் இரண்டு இழை தப்பியிருந்தாலும் ஓம் மீற்றர் 0 காட்டும். மீற்றரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பெட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மற்றதை எஞ்சின் புளொக்கிலும் பிடித்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரைக் கழற்றி, இடத்தைச் சுரண்டி, கிரீஸ் பூசிப் பூட்டவேண்டும். சென்சர் பிளக்கின் எர்த் பின்னுக்கும் பெட்டரி நெகட்டிவ்வுக்கும் இடையில், எஞ்சின் ஓடும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது.

மூன்று வயர் சென்சர் பலவற்றுக்கு ஈசியூவிலிருந்து 5 வோல்ட் போகிறது, ஒரே 5 வோல்ட்டை இரண்டு மூன்று சென்சர்கள் பங்கிடுவதும் உண்டு. ஒன்று உள்ளே ஷோர்ட் ஆனால் மற்றவையும் சேர்ந்து பொய் சொல்லும். ரெயில் பிரஷர், மெப் (உள்வரும் காற்றின் அழுத்தம்), மிதி (எக்சிலரேட்டர்) என்று மூன்று கோட் ஒன்றாக வந்தால் மூன்றையும் வாங்க ஓடவேண்டாம். திறப்பை ஓனில் வைத்து ஒரு பிளக்கில் 5 வோல்ட்டை அளந்தபடி, மற்ற சென்சர்களின் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். 1.8 வோல்ட் போலக் குறைந்து கிடந்த மீற்றர் எதைக் கழற்றியதும் 5க்கு ஏறுகிறதோ, குற்றவாளி அதுதான். எல்லாவற்றையும் கழற்றியும் ஏறாவிட்டால் வயர் எங்கோ உடம்பில் உரசுகிறது. பெட்டரித் தட்டுக்குக் கீழும், ஃபயர்வோலைத் தாண்டும் துளையிலும் முதலில் பாருங்கள்.

வெப்பநிலை சென்சர்

விடிகாலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்கேனரில் எஞ்சின், காற்று, டீசல் மூன்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும், நம் ஊரில் 26, 28 என்று. மைனஸ் 40 காட்டினால் சுற்று அறுந்திருக்கிறது. 140 அல்லது அதற்கு மேல் காட்டினால் ஷோர்ட்.

பிளக்கைக் கழற்றினால் மைனஸ் 40க்கும், பிளக்கின் இரண்டு பின்னையும் துண்டு வயரால் இணைத்தால் 140க்கும் பாயவேண்டும். பாய்ந்தால் வயரும் ஈசியூவும் நலம், சென்சரை மாற்றலாம். டொயோட்டா சென்சர் 20 பாகையில் 2.3 முதல் 2.6 கிலோ ஓம், 80 பாகையில் 0.31 முதல் 0.33 கிலோ ஓம் காட்டும்.

வெயில் ஊர் என்று தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த வண்டி 60 பாகையைத் தாண்டத் தயங்கும். அதற்குச் சென்சரைக் குறை சொல்லிப் பயனில்லை, தேர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள்.

கிராங்க், கேம் சென்சர்

ஓடிக்கொண்டிருந்த வண்டி சூட்டில் நின்று, அரைமணி நேரம் ஆறியதும் எதுவும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிராங்க் சென்சர். உள்ளே இருக்கும் சுருள் சூட்டில் விரிந்து அறுகிறது, ஆறியதும் ஒட்டுகிறது. ஆகவே ஆறிய எஞ்சினில் அளந்து "நல்லது" என்று முடிவு கட்டக்கூடாது. நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் அடித்தபடி ஸ்கேனரில் ஆர்பிஎம்மைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 200 அளவு வரவேண்டும். 0 என்றே நின்றால் சிக்னல் வரவில்லை. ஈரத் துணியைச் சென்சரின் மேல் இரண்டு நிமிடம் போட்டு, உடனே ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் தீர்ந்தது.

விகோவின் இரண்டு வயர் காந்த சென்சரை ஏசி வோல்ட்டில் அளக்கலாம். ஸ்டார்ட் அடிக்கும்போது அரை வோல்ட்டாவது துடிக்கவேண்டும். நவாராவில் இருப்பது வெளியிலிருந்து மின் கொடுத்தால் இயங்கும் மூன்று வயர் ஹோல் சென்சர், ஓமில் அளப்பதில் அர்த்தமில்லை. எர்த்தையும் வரும் மின்னையும் பார்த்துவிட்டு, கையால் எஞ்சினை மெல்லச் சுற்றி, சிக்னல் வயர் மேலும் கீழும் தாவுகிறதா என்று பாருங்கள். நவாராவில் டைமிங் செயின் தேய்ந்தாலும் கேம் கோட் வரும். காலையில் முன்பக்கம் கிலுகிலுவென்று சத்தம் இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்கவேண்டும்.

காந்த சென்சரைக் கழற்றியதும் நுனியைப் பாருங்கள். இரும்புத்தூள் மயிர்போல் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுப் பூட்டினாலே சரியாகலாம். கிரான் பக்கத்து வெள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டியென்றால் பிளக்குக்குள் சேறு இருக்கும். கிளீனர் அடித்து, காயவிட்டு, பின்னின் பிடியை ஊசியால் சற்று இறுக்குங்கள்.

ரெயில் பிரஷரும் எஸ்சிவியும்

அதிகப் பணம் வீணாகும் இடம் இது. முதலில் எச்சரிக்கை: எஞ்சின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பில் எந்த நட்டையும் தளர்த்தாதீர்கள், கசிவைக் கையால் தேடாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விகோவின் இன்ஜெக்டர் வயரில் 100 வோல்ட் அளவு வரும், மீற்றர் முனையை அங்கே கொண்டு போகவேண்டாம்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் திறப்பை மட்டும் ஓன் செய்து ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள். ரெயிலில் அழுத்தமே இல்லை, ஆகவே 0ஐ ஒட்டிக் காட்டவேண்டும். 20, 30 மெகாபாஸ்கல் என்று காட்டினால் சென்சரோ அதன் எர்த்தோ பிழை. சரியாக 0 காட்டினால் ஸ்டார்ட் செய்து, ஈசியூ கேட்கும் அழுத்தத்தையும் உண்மையான அழுத்தத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். ஐடிலில் 30 முதல் 40 அளவில் இரண்டும் ஒட்டியே போகவேண்டும்.

உண்மையான அளவு ஏறி இறங்கி ஊஞ்சலாடி, ஐடிலும் கூடவே ஆடி, மிதியை விட்டதும் வண்டி நிற்கப் பார்த்தால் பம்பின் மேலுள்ள, டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வு ஒட்டுகிறது. ஏற்றத்தில் மட்டும் உண்மையான அளவு பின்தங்கி 78 வந்தால் முதலில் டீசல் பில்டர். பழைய பில்டரில் இருக்கும் டீசலை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். பம்புக்கு வரும் குழாயில் ஒரு துண்டு தெளிவான பிளாஸ்டிக் குழாய் போட்டுக் குமிழி ஓடுகிறதா என்றும் பாருங்கள். எஸ்சிவியை மாற்றினால் ஸ்கேனரால் பம்ப் லேர்னிங் (புதியதை ஈசியூவுக்குப் பழக்குவது) செய்யவேண்டும், அல்லாவிட்டால் புதியதும் பழையதைப் போலவே ஆடும்.

காற்று: மெப், எயார் ஃப்ளோ

மட்டக்களப்பும் அம்பாறைக் கரையோரமும் கடல்மட்டத்தில் இருப்பதால் ஒரு வசதி. எஞ்சின் ஓடாமல் திறப்பு ஓனில் மெப் சென்சர் 100, 101 கிலோபாஸ்கல் காட்டவேண்டும். 90 காட்டினால் சென்சர் பொய் சொல்கிறது. எண் சரியாக இருந்தும் இழுவை இல்லை, கறுப்புப் புகை, கூடவே விசில் சத்தம் என்றால் இன்டர்கூலர் குழாயில் வெடிப்பைத் தேடுங்கள்.

எயார் ஃப்ளோ மீற்றர் உள்ள வண்டியில் கணக்குப் போட்டே பிழை பிடிக்கலாம். 2.5 லீற்றர் எஞ்சின் 800 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 1000 லீற்றர் காற்றை விழுங்கும். நம் சூட்டில் லீற்றருக்கு ஏறத்தாழ 1.16 கிராம். அதாவது செக்கனுக்கு 19 கிராம், நடைமுறையில் 15 முதல் 17. புகையை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு திறந்திருந்தால் இதைவிட நன்றாகக் குறையும், அதனால் பிளக்கைக் கழற்றியோ வக்யூம் குழாயை அடைத்தோ ஈஜிஆரை மூடிவிட்டு அளங்கள். அப்போதும் 8, 9 என்றால் எயார் ஃப்ளோ மீற்றருக்குள் இருக்கும் கம்பியில் தூசி. அறுவடைக்காலத்துப் பதர்த்தூசியில் ஓடிய வண்டிகளுக்கு இது சகஜம். எயார் ஃப்ளோவுக்கென்றே வரும் ஸ்பிரேயை மட்டும் அடித்து, தானாகக் காயவிடுங்கள். பட்ஸ் குச்சியோ எயார் கம்பிரசரோ பட்டால் கம்பி அறுந்துவிடும்.

மிதி சென்சர் எளிது. டொயோட்டாவில் மிதிக்காதபோது ஒரு சிக்னல் 0.5 முதல் 1.1 வோல்ட், மற்றது 1.2 முதல் 2.0. மெல்ல மிதிக்க இரண்டும் தடுக்காமல் சேர்ந்து ஏறவேண்டும்.

வாங்கும்போது

பழைய சென்சரைக் கையோடு கொண்டுபோய், உடம்பில் பதித்த இலக்கத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிளக் பொருந்துவது மட்டும் போதாது. கிராங்க் சென்சருக்கும் ரெயில் பிரஷர் சென்சருக்கும் பெயரில்லாத மலிவுச் சாமானைவிட, பாவித்த ஜப்பான் சாமான் மேல். வெப்பநிலை சென்சர் மலிவானது, அதைப் புதிதாகவே வாங்கலாம்.

பூட்டியபின் கோட்டை அழித்து, ஒரு இரவு ஆறவிட்டு, காலையில் 80 பாகை வரை ஓட்டி, நீளமான ஒரு பாதையில் ஒருதரம் முழு மிதி மிதித்துவிட்டு, பென்டிங் கோட்டையும் (லைட்டை இன்னும் எரியவைக்காமல் நினைவில் நிற்பது) சேர்த்து வாசியுங்கள். அதே எண் பென்டிங்கில் நின்றால் எஞ்சினை ஐடிலில் விட்டு, ஸ்கேனரில் அந்த அளவைப் பார்த்தபடி வயரைப் பிளக்கிலிருந்து ஈசியூ வரை சாணுக்குச் சாண் ஆட்டிப் போங்கள். எண் துள்ளும் இடத்தில் டேப்பைப் பிரியுங்கள்.