வெயிலும் விளைச்சலும்: நாம் போடும் தப்புக் கணக்குகள்

2022 கோடையில் கோதுமை வாங்கக் மதுரை கீழமாசி வீதிக்குப் போயிருந்தேன். விலையைக் கேட்டு நான் முழித்ததும் கடை அண்ணாச்சி சொன்னார்: "ராஜஸ்தான் வெயில்லயே வெளையிற சாமான் தம்பி. வெயிலடிச்சா கோதுமைக்கு என்ன ஆயிடப் போகுது? எல்லாம் பதுக்கல்." எனக்கும் அது சரியென்றே பட்டது. மேலூர்ப் பக்கம் நெல் போடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். கோதுமையை மாவாகத்தான் தெரியும்.

முதல் தவறு அங்கேதான். விளையும் ஊரைப் பார்க்கிறோம், விளையும் மாதத்தைப் பார்ப்பதில்லை. வடக்கே கோதுமை குளிர்காலப் பயிர். நவம்பரை ஒட்டி விதைத்து ஏப்ரலில் அறுத்துவிடுவார்கள். டிவியில் காட்டும் மே மாத அனல்காற்று வீசும்போது வயலில் அறுத்த தாளின் அடிக்கட்டைதான் இருக்கும். ஆபத்து மார்ச்சில். பால் பிடித்து மணி திரளும் நேரம் அது. அப்போது பகல் வெப்பம் முப்பதுகளின் நடுவுக்குப் போனால் இலை முன்கூட்டியே பழுத்துவிடும், மணிக்குப் போக வேண்டிய மாவுச்சத்து பாதியில் நின்றுவிடும். ரோட்டிலிருந்து பார்த்தால் வயல் பொன்னாகத்தான் தெரியும். தராசில் வைத்த பிறகுதான் மணி சூம்பியிருப்பது தெரியவரும்.

2022 மார்ச், இந்தியாவில் 1901க்குப் பிறகு பதிவான மார்ச் மாதங்களிலேயே பகல் வெப்பம் மிகுந்தது. 11.1 கோடி டன் கோதுமை வரும் என்றிருந்த அரசு, மே தொடக்கத்தில் அதை 10.5 கோடியாகக் குறைத்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை வந்தது. உக்ரைன் போரும் அந்த நேரத்தில் சேர்ந்துகொண்டது. ஆகவே விலையேற்றத்தை முழுக்க வெயில் தலையில் கட்டுவதும் தப்புதான், அண்ணாச்சிக்கு நேர் எதிரான தப்பு.

"ஒரு டிகிரி கூடினா என்ன, நாம பாக்காத வெயிலா?" என்று கேட்பது அடுத்தது. மதுரைக்காரனுக்கு இது வாயில் வராமல் இருக்காது. உலக அளவில் ஒரு டிகிரிக்குக் கோதுமை சுமார் 6 சதவீதம் குறையும் என்று 2015இல் வந்த ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் பயிருக்குச் சராசரி தெரியாது. பூக்கும் பத்து நாளில் என்ன அடித்தது என்பதுதான் அதற்குக் கணக்கு.

நெல்லிலும் இதே கதைதான். நெற்பூ காலை ஒன்பது மணி வாக்கில் திறந்து, பெரும்பாலும் உச்சிக்குள் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் பழுதாகிக் கதிர் பதராகும். அப்படிப் பதராகிப் போன வயலைப் பார்த்து உரம் போதவில்லை என்று அடுத்த முறை கூடுதலாக யூரியா போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூ கருகியதற்கு யூரியா என்ன செய்யும்?

பகலை மட்டும் பார்ப்பது இன்னொன்று. பகலில் சேர்த்த சத்தில் ஒரு பங்கைப் பயிர் இரவில் மூச்சுவிட்டே செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில், பயிர்க்கால இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடும்போது விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்ததாக 2004இல் எழுதினார்கள். மொட்டை மாடியில் படுத்தும் புழுக்கம் தாங்காத ராத்திரி, பயிருக்கும் நல்ல ராத்திரி இல்லை.

கரியமில வாயு பயிருக்குச் சாப்பாடுதானே என்பார்கள். உண்மைதான், கோதுமை கொஞ்சம் கூடுதலாக வளரும். ஆனால் அந்தக் கோதுமையில் புரதமும் துத்தநாகமும் குறைகின்றன.

நம் பக்கத்தில் சேதம் செய்யக்கூடியது, வடக்கின் யோசனையை அப்படியே இறக்கிக்கொள்வது. அங்கே 'முந்தி விதை' என்பது நல்ல அறிவுரை, மார்ச் வெயிலுக்கு முன் மணி திரண்டுவிடும். இங்கே மேலூர், திருமங்கலம் ஒருபோகப் பாசனத்தில் விதைக்கும் தேதி நம் கையில் இல்லை. வைகை அணையில் எத்தனை அடி என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் நாற்றங்காலே போடுகிறோம். முந்திப் போட்டால் பூ, வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளலாம். பிந்தினால் கடைமடைக்குத் தண்ணீர் வராது.

கோதுமை நம் ஊருக்குச் சம்பந்தமே இல்லாதது என்றும் நினைத்துவிட வேண்டாம். 1985இல் திண்டுக்கல் பிரியும் வரை மதுரை மாவட்டத்தில் இருந்த பழனி மலையிலும் நீலகிரியிலும் கோதுமையின் துருநோய் (இலையிலும் தண்டிலும் துருப்போலப் படியும் பூஞ்சை நோய்) வித்துகள் கோடையைக் கடந்து தங்கியிருக்கும். புயல் காற்று அவற்றை மத்திய இந்தியா வரை தூக்கிப் போய் மழையோடு வயலில் இறக்கியதுண்டு. அதற்காகவே நீலகிரி வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

கிணற்றுத் தண்ணீரை நம்பிக் கோடை நெல் போடுகிறவர்கள் விதைப்புத் தேதியிலிருந்து எண்ணாமல் பூவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 110 நாள் ரகம் ஏறக்குறைய 80ஆம் நாள் பூக்கும். தைப் பொங்கல் முடிந்து ஜனவரி 20இல் விதைத்தால் பூ ஏப்ரல் 10இல் வரும். மதுரையில் அப்போது வெயில் 37, 38 டிகிரியைத் தொடுவது வழக்கம். மார்கழி பாதியிலேயே விதை நாற்றங்காலுக்குப் போயிருந்தால் பூ மார்ச் மூன்றாம் வாரத்திலேயே வந்திருக்கும்.