உல்லைக்கு அலைப்படம் எடுக்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

கச்சான் காற்று தொடங்கியதும் எங்கள் உல்லையில் (அறுகம்பே), அலையில் பலகை விட்டு சர்ஃப் ஆடுகிறவர்களைப் படமெடுக்கக் கமராவோடு பொடியன்கள் வந்து இறங்குகிறார்கள். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஏ4 வீதி நெடுக இருந்து வருகிறார்கள். நாங்கள் அந்த நாளில் சொதப்பிய இடங்களிலேயே இவர்களும் சொதப்புகிறார்கள். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, கார்டை வீட்டில் விட்டு வருவது எல்லாம் இங்கே வேண்டாம். அவை ஒரு தரம் பட்டால் தானாகத் திருந்தும்.

கரையில் வைத்து ஹவுசிங்கைத் திறப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஹவுசிங் என்பது கமராவை மூடும் தண்ணீர் புகாப் பெட்டி. அதன் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறது, ஓ ரிங். கடலைத் தடுத்து வைத்திருப்பது அதுதான். ஒரு மணலோ தலைமயிரோ அதன் குறுக்கே கிடந்தால் போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

உல்லையின் முக்கிய சர்ஃப் இடமான மெயின் பொயின்டில் காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். அலையைக் கலைக்காமல் நிமிர்த்தி வைப்பது அந்தக் காற்று. கரை மணலை வாரி இறைப்பதும் அதே காற்றுதான். அலை திறமாக இருக்கும் நேரத்தில் பெட்டியைத் திறந்தால் வேறென்ன நடக்கும்?

போன சீசனில் ஒரு தம்பி, கூட்டாளியிடம் இரவல் வாங்கிய கமராவோடு வந்தான். பற்றரி முடிந்ததும் நீந்தி வந்து, மணலில் துவாயை விரித்து, ஈரக் கையோடு திறந்தான்.

"தம்பி, ரூமுக்குப் போய் மாத்துங்க."

"செட் வருது நானா, ரெண்டு நிமிசம்." செட் என்றால் அடுத்தடுத்து வரும் பெரிய அலைகள்.

திரும்ப இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்குள் தண்ணீர் ஆடியது. கரைக்கு வந்தவன் செய்த முதல் வேலை, கமரா வேலை செய்கிறதா என்று சுவிட்சைப் போட்டது! உப்புத் தண்ணீரில் நனைந்த சர்க்கியூட்டில் மின்சாரம் ஓடினால் அரிப்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும். பற்றரியைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று அரிசிக்குள் புதைத்தான். அரிசி உப்பை எடுக்குமா? கூட்டாளிக்கு இன்னும் காசு கட்டிக்கொண்டிருக்கிறான்.

முதல் நாள் இரவே மூடுங்கள். கையைக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் வளையத்தைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். பள்ளத்தையும் துடைத்து, கம்பனி சொல்லும் கிரீஸை மினுக்கம் வருமளவு மட்டும் பூசுங்கள். கூடினால் அதுவே மணலைப் பிடித்து வைக்கும். முதலில் கமரா இல்லாமல், உள்ளே டிசு ஒன்றைப் போட்டு, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். ஏசி அறையில் மூடினால் உள்ளே அடைபடும் காற்றில் ஈரம் குறைவு, கண்ணாடியின் உட்பக்கம் பனிக்காது. முழுப் பற்றரி, வெறும் கார்ட். அவை முடிந்தால் அன்றைய வேலையும் முடிந்தது. அறைக்கு வந்து, நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்த பிறகுதான் திறக்க வேண்டும்.

விடியலில் கரையில் நின்று வெயிலைத் திட்டுவது

இது கிழக்குக் கரை. காலை வெயில் கடல் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும், ஆள் கறுப்பாகத்தான் விழுவார். அந்தக் கறுப்பையே படமாக்குங்கள், அல்லது தண்ணீருக்குள் இறங்கிப் பக்கம் மாறுங்கள். பின்னேரம் வெயில் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். ஆனால் பெரும்பாலும் காற்று கலைத்த அலைதான் மிஞ்சியிருக்கும்.

டோம் கண்ணாடியைத் துடைப்பது

லென்ஸுக்கு முன்னால் ஹவுசிங்கில் இருக்கும் அரைக்கோளக் கண்ணாடிதான் டோம். நக்குங்கள், எச்சில் பட்டால் துளி ஒட்டி நிற்காது. துடைக்காதீர்கள்.

அலை ஓடும் வழியில் மிதப்பது

மெயின் பொயின்ட் வலது அலை. பலகையில் நிற்பவருக்குத்தான் வலது. கரையில் நின்று பார்க்கும் உங்களுக்கு அது இடப்பக்கம் ஓடும். இதைக் குழப்பிக்கொண்டு இறங்கினால் பலகை மண்டையில் விழும்.

மார்கழியில் வருவது

வாடையும் மழையும்தான். சீசன் மே முதல் ஒக்டோபர் வரை.

கேட்காமல் போடுவது

2018 இல் இங்கே பெண்களுக்கென்றே ஒரு சர்ஃப் கழகம் தொடங்கினார்கள். வீட்டிலும் ஊரிலும் எத்தனையோ பேச்சைக் கேட்டுத்தான் பலர் கடலில் இறங்குகிறார்கள். படம் நன்றாக வந்துவிட்டது என்று உடனே இன்ஸ்டாகிராமில் போட்டு அவர்களை மாட்டிவிடாதீர்கள். முதலில் அவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழியுங்கள். சரி என்றால் பெரிய ஃபைலையே அனுப்பிவிடுங்கள், அதற்குக் காசு கேட்காதீர்கள்.