கேம்ஷாஃப்ட் மாற்றியபின் என்ஜின் தடுமாறுகிறதா? கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

பழைய காருக்கு அதிவேகக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு; சுருக்கமாகக் கேம்) பொருத்தியபின் என்ஜின் குலுங்கினால், பலருடைய கை முதலில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் திருகுக்குத்தான் போகும். தயவுசெய்து வேண்டாம். டைமிங், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரம், பிசகியிருக்கும்போது திருகையும் திருப்பினால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

இத்தகைய கேமில் உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். அதனால் ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் ஓட்டம்) சற்று முரடாக இருப்பதும், குறைந்த சுற்றில் இழுவை குறைவதும் இயல்பே. சுற்று ஏற ஏற இழுவை கூட வேண்டும். கூடவில்லை என்றால் தேடத் தொடங்குங்கள்.

படி 1: டைமிங்

உங்கள் பொறுமை முழுவதும் இங்கே தேவை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். கிராங்கில் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) டிகிரித் தகட்டை மாட்டி, முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேல்முனையில் நிற்கும்போது அது பூஜ்யத்தைக் காட்டும்படி அமையுங்கள். அதே சிலிண்டரின் உள்வால்வில் டயல் கேஜைப் (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் அளவி) பொருத்துங்கள். ஸ்டார்ட்டரைத் தொடாமல், என்ஜின் ஓடும் திசையிலேயே ஸ்பானரால் சுழற்றுங்கள். எங்காவது தடுத்தால் உடனே நிறுத்துங்கள். வால்வு பிஸ்டனில் மோதுவதாக இருக்கலாம்.

வால்வு முழுதாகத் திறக்கும் இடத்தில் முள் சில டிகிரிகளுக்கு அசையாது. ஆகவே உச்சத்துக்கு 1 மி.மீ. முன்பும் பின்பும் உள்ள டிகிரிகளைக் குறித்து, நடுப்புள்ளியை எடுங்கள். கேமுடன் வந்த அட்டையில் இதற்கு 106 டிகிரி என்றிருந்தால் உங்களுக்கும் 106 வர வேண்டும். கேம் பல்சக்கரத்தில் 36 பற்கள் இருந்தால், ஒரு பல் பிசகினாலே கிராங்க் கணக்கில் 20 டிகிரி போய்விடும். பல்சக்கரப் புள்ளிகள் நேராக நின்றாலும் நம்பாதீர்கள். செயின் நீண்டிருந்தாலும் டிகிரி மாறும்.

படி 2: வால்வு இடைவெளி

வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே விடும் சிறு இடைவெளி இது. காரின் பழைய கையேட்டில் உள்ள அளவு இனி உதவாது. புதுக் கேமின் அட்டையைப் பாருங்கள். வரிசையாக எட்டு வால்வுகள் உள்ள பல நான்கு சிலிண்டர் என்ஜின்களில் 'ஒன்பது' கணக்கு (இரு வால்வு எண்களின் கூட்டல் ஒன்பது) எளிது: 1ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 8ஆம் வால்வைச் சரிசெய்யுங்கள், 3 திறந்திருந்தால் 6.

படி 3: இக்னிஷன், பிறகு கார்புரேட்டர்

ஐடிலில் வெற்றிடம் குறைவதால் தீப்பொறி சற்று முன்கூட்டியே தேவைப்படும். இரண்டிரண்டு டிகிரியாக முன்னேற்றுங்கள்; சுமையில் தட்டும் ஓசை கேட்டால் பின்வாங்குங்கள். ஐடிலை 900 முதல் 1000 சுற்றுக்கு உயர்த்தியபின் கலவைத் திருகைத் தொடலாம்.

இன்னமும் ஒரு சிலிண்டர் மட்டும் சோர்ந்திருந்தால், டயல் கேஜால் எல்லா வால்வுகளின் ஏற்றத்தையும் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தக் கேம் முகடு தேய்ந்துவிட்டது. அதற்குமேல் என்ஜினை ஓட்டாதீர்கள். உலோகத்தூள் ஏற்கெனவே எண்ணெயில் கலந்திருக்கும்.