கோழி சீரத்துக்கு எச்ஐ டெஸ்ட்: நாமக்கல் வெயிலில் ஏமாறாமல் செய்வது எப்படி

காலையில் டீ குடிப்பதற்குள் பண்ணைக்காரர் போன் போட்டுவிடுவார், "ஏனுங்க, டைட்டர் எத்தனைங்க வந்திருக்குது?" அவருக்கு வேண்டியது ஒரே ஒரு நம்பர், கோழியின் ரத்தத்தில் ஆன்டிபாடி (நோயை எதிர்க்கும் பொருள்) எவ்வளவு என்று சொல்லும் டைட்டர். அதை வைத்துத்தான் லசோட்டா தடுப்பு மருந்தை இந்த வாரம் தண்ணீரில் கொடுப்பதா, தள்ளிப்போடுவதா என்று முடிவு செய்வார். அதனால் லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, வெள்ளைக்கழிச்சலுக்கு (ராணிக்கெட்தான்) நான் எச்ஐ (ஹீமஅக்ளுட்டினேஷன் இன்ஹிபிஷன், சிவப்பணு ஒட்டுவதை ஆன்டிபாடி தடுக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) போடும் முறையை எழுதுகிறேன்.

ராணிக்கெட் வைரஸ் சிவப்பணுக்களைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி வலைபோல் விரித்துவிடும். 1941ல் ஜார்ஜ் ஹிர்ஸ்ட் இன்ஃப்ளுயன்சா வைரஸில் கண்டதும் இதே குணத்தைத்தான். சீரத்தில் (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிநீர்) ஆன்டிபாடி இருந்தால் அது வைரஸை முந்திக்கொண்டு மடக்கிவிடும், அணுக்கள் ஒட்டாமல் குழியின் அடியில் பட்டன் மாதிரி உட்காரும். ஆக, பட்டன் தெரிந்தால் ஆன்டிபாடி உண்டு. முதல் வாரம் எல்லோருமே இதைத் தலைகீழாகப் படிப்பார்கள், நானும் படித்தேன்.

இறக்கை நரம்பில் எடுத்த ரத்தத்தைச் சாய்த்து வைத்து உறையவிட்டால் சீரம் தானே பிரியும். சிவப்பணுவுக்கு வேறு கோழி வேண்டும், ராணிக்கெட் ஆன்டிபாடி இல்லாத கோழியாக, முடிந்தால் மூன்று கோழிகளின் ரத்தத்தைக் கலந்து. ரத்தம் உறையாமல் காக்கும் ஆல்சீவர் கரைசலில் எடுத்து, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் மூன்று தடவை கழுவி, அடியில் படிந்த அணு 1 மில்லிக்கு 99 மில்லி பிபிஎஸ் சேர்த்தால் 1 சதவீதம். மேலே நிற்கும் தண்ணீர் சிவந்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

அடுத்து ஆன்டிஜன், அதாவது டெஸ்ட்டுக்குப் போடும் ராணிக்கெட் வைரஸ், நான் கெட்டது இங்கேதான். 25 மைக்ரோலிட்டரில் 4 எச்ஏ யூனிட் (எச்ஏ என்பது சிவப்பணுவை ஒட்டும் திறன்) இருக்க வேண்டும். எச்ஏ டைட்டர் 256, அதாவது 256 மடங்கு நீர்த்தும் ஒட்டுகிறது என்றால், 256ஐ 4ஆல் வகுத்து 64 மடங்கு நீர்க்க வேண்டும், கணக்கு அவ்வளவுதான். ஆனால் நீர்த்த பிறகு அதில் நிஜமாகவே 4 யூனிட் இருக்கிறதா என்று திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும்: பாதிப் பாதியாக நீர்த்தால் முதல் இரண்டு குழியில் ஒட்டல் தெரியும், மூன்றாவதில் தெரியாது. ஒரு தடவை அவசரத்தில் அதைப் பார்க்காமல் விட்டேன். ஆன்டிஜன் பலவீனமாக இருந்திருக்கிறது, அதை மடக்கக் கொஞ்சம் ஆன்டிபாடியே போதுமே, எல்லா டைட்டரும் அழகாக ஒரு குழி கூடுதலாக வந்தது. பண்ணைக்காரர் சந்தோஷமாகத் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டார். மறுநாள் போன் போட்டு உண்மையைச் சொல்லும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

வி வடிவ அடி உள்ள 96 குழி பிளேட்டில் எல்லாக் குழியிலும் 25 மைக்ரோலிட்டர் பிபிஎஸ், முதல் குழியில் 25 சீரம், கலக்கி 25ஐ அடுத்ததற்கு மாற்றி மாற்றிப் பத்தாவது குழி வரை போய், கடைசி 25ஐ வெளியே கொட்டுங்கள். பத்துக்கும் ஆன்டிஜன் 25, முப்பது நிமிடம் பொறுங்கள், அப்புறம் சிவப்பணு 25. பதினொன்றாவது குழி ஆன்டிஜன் கண்ட்ரோல், சீரம் போகாது. பன்னிரண்டாவது சிவப்பணு கண்ட்ரோல், ஆன்டிஜனும் போகாது, அதற்குப் பதில் இன்னொரு 25 பிபிஎஸ். தெரிந்த பாசிட்டிவ் சீரம் ஒரு வரிசை, நெகட்டிவ் ஒரு வரிசை போட்டால் ஒரு பிளேட்டில் ஆறு சாம்பிள்தான் ஓடும், பரவாயில்லை.

சிவப்பணு போட்ட பிறகு 20 டிகிரி வாக்கில் 40 நிமிடம் என்பது முறை. சித்திரை வெயிலில் கரண்ட் போய் ஏசி நின்றால் நம் ஊர் ரூமில் 20 டிகிரிக்கு எங்கே போவது? இந்த வைரஸிடம் நியூராமினிடேஸ் என்ற நொதியும் இருக்கிறது, சூட்டில் அது தான் பிடித்த சிவப்பணுவைத் தானே விட்டுவிடும், ஒட்டியவை பிரிந்து கீழே இறங்கிப் பட்டனாகி, ஆன்டிபாடி இருப்பதுபோல் ஏமாற்றும். அதனால் சூடான நாளில் பிளேட்டை 4 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஆன்டிஜன் கண்ட்ரோலிலேயே பட்டன் விழுந்திருந்தால் அந்த பிளேட் போச்சு.

படிக்கும்போது மேலிருந்து பார்த்தால் பத்தாது, பிளேட்டைச் சாய்க்க வேண்டும். சிவப்பணு கண்ட்ரோலில் பட்டன் கண்ணீர்த்துளிபோல் வழிந்து இறங்கும். சாம்பிள் குழியும் அதே வேகத்தில் வழிந்தால்தான் முழுத் தடுப்பு, தயங்கித் தயங்கி வழிவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முழுத் தடுப்பு தெரியும் கடைசிக் குழிதான் டைட்டர். நான்காவது குழி என்றால் 16, அதுவும் அதற்கு மேலும் பாசிட்டிவ். ஒரு கோழியை வைத்துக் கொட்டகையையே எடை போடாமல், பல கோழிகளின் சராசரியையும் அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மைக்கோப்ளாஸ்மா கேலிசெப்டிகம் என்ற பாக்டீரியாவும் சிவப்பணுவை ஒட்டும் என்பதால் அதற்கும் இதே வித்தைதான், ஆன்டிஜன் மட்டும் வேறு.

டைட்டர் உயர்ந்திருந்தால் அது ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று இந்த டெஸ்ட் சொல்லாது, பண்ணைக்காரர் எவ்வளவு கேட்டாலும் சொல்லாது. கடைசித் தடுப்பூசித் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், சந்தேகமாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். பழைய சீரத்தை அதுவரை ஃப்ரீசரில் வைத்திருந்து இரண்டையும் ஒரே பிளேட்டில் ஓட்டுங்கள், நடுவில் ஊசி போடாமலேயே இரண்டு குழிக்கு மேல் ஏறியிருந்தால் பண்ணைக்கு ஒரு தடவை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது.